யார் வழிக் குள்ளம்

தச்சருடைய மகள் இரண்டு வயது முடிந்து ஒரு மாதம் ஆகியும் எழுபத்தேழு சென்டிமீட்டர்தான் இருக்கிறாள் என்பதைக் குழந்தை வளர்ச்சி நிலையம் ஒரு திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்குக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த நர்ஸ், குழந்தையைப் பலகையிலிருந்து தூக்குவதற்கு முன்னால், தாயையும் தகப்பனையும் மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"இது யார் வழி?" என்று கேட்டார்.

தச்சருக்குக் கேள்வி புரியவில்லை. "பெரிய ரோடு வழியாத்தான் வந்தோம்" என்றார்.

"குள்ளத்தைக் கேட்டேன். அப்பா வழியா, அம்மா வழியா?"

தச்சர் மனைவியைப் பார்த்தார். மனைவி நர்ஸைப் பார்த்தார். மனைவிக்கு டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. அரை டிக்கெட்டுக்காக வளர்ந்த பிள்ளைகளை முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லும் பெற்றோர்களைப் பத்து வருடமாகச் சமாளித்தவர். எந்தப் பிள்ளை என்ன உயரம் என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவார். தன் பிள்ளையை மட்டும் அவர் அந்தப் பார்வை பார்த்ததில்லை. வீட்டில் அவளைக் கடுகு என்று கூப்பிட்டார்கள். செல்லமாகத்தான்.

"சிவப்புக் கோடு எண்பதுல இருக்கு. உங்க குழந்தை மூணு சென்டிமீட்டர் கீழ" என்றார் நர்ஸ். "அலுவலரைப் பாருங்க."

தச்சர் உடனே நகரவில்லை. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் அளவு டேப்பை எடுத்து அந்தப் பலகையை அளந்தார். தலைக்கட்டையைத் தட்டிப் பார்த்தார், கால்கட்டை சரிகோணத்தில் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அரசாங்கத்துத் தச்சுவேலையின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. எங்காவது ஒரு மூன்று சென்டிமீட்டர் பிசகு இருக்கும் என்று மனதார விரும்பினார். பலகையில் ஒரு பிசகும் இல்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

வளர்ச்சி அலுவலருடைய மேசையில் ஒரு படிவம் இருந்தது. அதில் 'குட்டை வளர்ச்சிக்கான காரணம்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு கட்டங்கள். ஒன்று பரம்பரை, இன்னொன்று குடும்பச் சூழ்நிலை.

"ரெண்டுல ஒண்ணு டிக் பண்ணியாகணும்" என்றார் அலுவலர். நடுத்தர வயதுப் பெண்மணி, யாரையும் நம்பி ஏமாறாத முகம். "பரம்பரைன்னா உங்க மேல தப்பில்ல, ஒண்ணும் செய்யவும் முடியாது. சூழ்நிலைன்னா உங்க மேல தப்பு, நாங்க நடவடிக்கை எடுப்போம்."

"அவளுக்கு ஒன்பது மாசத்துலேருந்து அடிக்கடி வயித்தால போகுதுங்க" என்றார் கண்டக்டரம்மா. "பத்து நாள் நல்லா இருப்பா, திரும்ப ஆரம்பிச்சிரும். தின்னது உடம்புல ஒட்ட மாட்டேங்குது."

"அது நோய். நோய்க்குப் பக்கத்துக் கட்டடம். இது வளர்ச்சி."

"பக்கத்துக் கட்டடத்துல மருந்து குடுத்தாங்க. நின்னுச்சு. மறுபடியும் வந்துச்சு."

"அப்ப அவங்க கடமையச் செஞ்சுட்டாங்க" என்று அலுவலர் படிவத்தின் மூலையில் கோப்பு எண் போட்டார்.

முதலில் பரம்பரைப் பிரிவு. அது ஏழாம் எண் அறையில் இருந்தது. சூழ்நிலைப் பிரிவு ஒன்பதாம் எண் அறையில் இருந்தது. ஆள் பற்றாக்குறை காரணமாக இரண்டுக்கும் அதே அலுவலர்தான். ஏழில் உட்காரும்போது கழுத்தில் நீல அட்டை, ஒன்பதில் பச்சை அட்டை. ஏழிலிருந்து ஒன்பதுக்குக் கடிதம் எழுதுவார். ஒன்பதுக்குப் போய் அதைப் பிரித்துப் படிப்பார். பதில் எழுதப் பதினைந்து நாள் எடுத்துக்கொள்வார். தச்சர் ஒருமுறை, "நீங்களேதானம்மா ரெண்டும்?" என்று கேட்டுவிட்டார். "அந்தப் பிரிவு எழுதுறதை இந்தப் பிரிவு அப்படியே நம்பிட முடியாது" என்றார் அலுவலர்.

நீல அட்டை நாட்களில் சொந்தபந்தங்களை அளந்தார்கள். தச்சர் ஐந்தடி ஏழு. கண்டக்டரம்மா ஐந்தடி மூன்று. தச்சரின் அக்கா, சித்தப்பா, சித்தப்பா மகன் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுவரில் முதுகை ஒட்டி நின்றார்கள். கண்டக்டரம்மாவின் தம்பி லாரி ஓட்டுகிறவர். உள்ளே வரும்போதே நிலைவாசலில் தலையை இடித்துக்கொண்டார். ஆறடி ஒன்று.

அலுவலர் அவரை நீண்ட நேரம் சந்தேகமாகப் பார்த்தார். "இவர் நிஜமாவே உங்க கூடப் பிறந்தவரா?"

"ஆமா."

"உயரமா ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டுறது இங்க நடக்குறதுதான். போன மாசம் ஒருத்தர் போலீஸ்காரரையே கூட்டிட்டு வந்து பெரியப்பான்னாரு."

"மேடம், எனக்கு லோடு ஏத்தணும்" என்றார் தம்பி.

"பாருங்க, அவசரப்படுறாரு" என்று அலுவலர் குறித்துக்கொண்டார்.

தச்சரின் இறந்துபோன மாமனாரையும் அளக்க வேண்டியிருந்தது. அவர் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புகைப்படம் ஒன்று இருந்தது. சைக்கிளின் உயரம் தெரிந்தால் மனிதரின் உயரம் கணக்கில் வந்துவிடும் என்பதால், சைக்கிளைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதை லாரி மச்சான் பழைய இரும்புக்குப் போட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. 'சாட்சியம் அழிக்கப்பட்டது' என்று எழுதினார் அலுவலர். இருந்தாலும், உயிரோடிருந்த ஆறு பேரில் ஒருவர்கூடக் குள்ளம் இல்லை. பரம்பரைக் கட்டம் காலியாகவே ஒன்பதாம் எண் அறைக்குப் போய்ச் சேர்ந்தது.

பச்சை அட்டையோடு அவர் வீட்டுக்கே வந்தார். அது வரிசை வீடுகள் கொண்ட குறுகலான தெரு, நடுவில் மூடாத சாக்கடை. தச்சரின் வீட்டில் முன்னறைதான் பட்டறை. பாதி இழைத்த கதவுகள் சுவரில் சாய்ந்து நின்றன. மர வேலைக்கு நடுவே ஒரு தொட்டிலும் இருந்தது, அம்மா பஸ்ஸில் போனபின் கடுகைப் பார்த்துக்கொள்வது அப்பாதான் என்பதால்.

"அம்மா ஊர் சுத்துறாங்க, அப்பா வீட்டுல இருக்காரு" என்று அலுவலர் எழுதினார்.

"பஸ்ஸு ஊர் சுத்தாம என்ன செய்யும்" என்றார் கண்டக்டரம்மா.

அலமாரியைத் திறந்து பார்த்தார். பால் இருந்தது, முட்டை இருந்தது, பருப்பு இருந்தது. தரை துடைத்திருந்தது. "நாங்க வர்றது முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு" என்றார். புருஷன் பெண்டாட்டிக்குள் வாரத்துக்கு எத்தனை சண்டை என்று கேட்டார். பெரிதாக ஒன்றும் இல்லை என்றார் தச்சர்.

"சண்டையே இல்லையா? அப்ப எதையோ மறைக்கிறீங்க."

"சரி, நாலுன்னு போட்டுக்குங்க."

"நாலு சண்டை போட்டா குழந்தை எப்படி வளரும்?"

கடுகு இதையெல்லாம் கேட்டபடி ஒரு மரச்சீவலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மெலிந்த கை, சற்றே உப்பிய வயிறு. அலுவலருக்கு வேர்த்திருப்பதைப் பார்த்துக் கண்டக்டரம்மா குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து நீட்டினார். அலுவலர் கையாலேயே தடுத்து, பையிலிருந்து சொந்தப் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

"இந்தத் தெருவுக்கு வந்தா நான் இங்க பச்சைத் தண்ணி குடிக்கிறதில்ல. ஒரு தடவை குடிச்சு மூணு நாள் லீவு போட்டேன்."

கண்டக்டரம்மா டம்ளரை நீட்டியபடியே நின்றார். "அதை அதுல எழுதுங்களேன்."

"எதுல?"

"அந்தப் படிவத்துல. தண்ணின்னு."

"தண்ணி வேற துறைம்மா. இதுல குடும்பத்தைத்தான் கேட்டிருக்கு" என்று அலுவலர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. பதினாறு பக்கத்தில் எங்கும் தண்ணீர் என்ற சொல் இல்லை. அன்றிலிருந்து கண்டக்டரம்மா தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றித்தான் குழந்தைக்குக் கொடுத்தார். பக்கத்து வீடுகளுக்கும் போய்ச் சொன்னார். பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள்.

பிரச்சினை என்னவென்றால், பச்சை அட்டைக்கும் குற்றம் எதுவும் கிடைக்கவில்லை. பரம்பரையும் இல்லை, சூழ்நிலையும் இல்லை என்று ஒரு கோப்பு இருக்க முடியாது. அதைவிட மோசம், அதே தெருவில் அளந்த பத்தொன்பது குழந்தைகளில் பதினோரு பேர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். பதினோரு கோப்பிலும் இரண்டு கட்டமும் காலியாகக் கிடந்தன. அலுவலர் தலைமையிடத்துக்கு எழுதினார். தலைமையிடம் ஒரு பரம்பரை நிபுணரை அனுப்பியது.

நிபுணர் தெருக்காரர்களை நிலையத்தின் கூடத்தில் உட்காரவைத்துப் பேசினார். இனிமையாகப் பேசுகிறவர். "கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு நம்ம முன்னோர்கள் சொல்லியிருக்காங்க" என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் கடுகு தன் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா கடுகு ஏன் சிறுத்துச்சுன்னு அவங்க கேக்கல. அந்தக் கேள்வியை நாங்க கேக்குறோம். இருபத்திரண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கோம். பதில் கிடைச்சிருந்தா இந்தத் துறை என்னிக்கோ மூடிப்போயிருக்கும்." கைதட்டலுக்காக நிறுத்தினார். அலுவலர் தட்டினார்.

"இப்ப விஷயத்துக்கு வருவோம். ஒரே தெரு, பதினோரு வீடு, எல்லாத்துலயும் ஒரே குறை. சூழ்நிலை இல்லைன்னு சூழ்நிலைப் பிரிவே எழுதிடுச்சு. அவங்களை நான் சந்தேகப்பட முடியாது. அப்ப மிஞ்சுறது பரம்பரை. பதினோரு பேர் அம்மா அப்பாவும் உயரமா இருக்காங்க. ஆனா பதினோரு குழந்தையும் குள்ளம்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதனால இந்தப் பதினோரு குழந்தைகளுக்கும் பொதுவா, படிவத்துல பேர் வராத ஒரு நபர் இருக்கணும்."

நிபுணர் சொன்னதன் பொருள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில் உறைத்தது. முதலில் பெண்களுக்கு. ஆண்களுக்குத் தெருமுனை திரும்பும்போது.

அந்த வாரம் தெருவில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எல்லா வீட்டுக்கும் வந்துபோகிற ஆள் யார் என்று ஆண்கள் யோசித்தார்கள். பால்காரர் நான்கு வீட்டுக்குத்தான் வருவார், அதுவும் பெண். தபால்காரர் யாருக்கும் எதுவும் கொண்டுவருவதில்லை. மிஞ்சியது தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவர். ஐம்பத்தெட்டு வயது, தடித்த கண்ணாடி. நான்கடி பத்தங்குலம்.

தச்சர் இதையெல்லாம் நம்பவில்லை. நம்பவில்லை என்று தனக்குத்தானே நாலைந்து தடவை சொல்லிக்கொண்டார். ஒரு மத்தியானம், மனைவி ஷிப்டு முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, தச்சர் இழைப்புளியை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"கேக்க நினைச்சதைக் கேட்ருங்க."

"ஒண்ணுமில்லங்கிறேன்ல."

"மீட்டர் பாக்குறவர் எப்ப வருவார்னு கேக்கணும், அதானே? மாசத்துல முதல் செவ்வாய், பதினோரு மணி. நாலு நிமிஷம் இருப்பாரு. அதுல ரெண்டு நிமிஷம் கண்ணாடியைத் துடைப்பாரு. அந்நேரம் நான் பஸ்ல இருப்பேன். கதவைத் திறந்துவிடுறதே நீங்கதான்."

தச்சர் தலையைக் குனிந்துகொண்டார். தரையில் மரச்சீவல் சுருள் சுருளாகக் கிடந்தது.

"உங்ககிட்ட ஒருத்தன் கதவு உப்பிருச்சுன்னு வந்தா என்ன செய்வீங்க?" என்றார் மனைவி. குரல் உயரவில்லை. "கதவோட அப்பன் யாருன்னா விசாரிப்பீங்க? ஈரம் எங்கேருந்து வருதுன்னுதானே பாப்பீங்க. நான் பெத்த பிள்ளைக்கு மட்டும் அந்த அறிவு எங்க போச்சு?"

அவர் உள்ளே போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். தச்சருக்கு அன்று எந்தக் கதவும் சரியாக இழைபடவில்லை.

மீட்டர்காரரை நிபுணர் விசாரணைக்கு அழைத்திருந்தார். தெரு மொத்தமும் போய் நின்றது. அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு, கணக்கு நோட்டை மார்பில் அணைத்துக்கொண்டு வந்தார். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"இந்தப் பதினோரு வீட்டுக்கும் நீங்க போறதுண்டா?"

"உண்டு சார். பதினாலு வருஷமா."

"எதுக்குப் போறீங்க?"

"குழாய் போகுது. நானும் போறேன்."

"மத்த எட்டு வீட்டுக்கு?"

"அது எதிர்ச்சாரி. வேற லைன். அதுக்கு வேற ஆளு."

"அவர் என்ன உயரம்?"

மீட்டர்காரர் யோசித்தார். "ஆறடிக்குக் குறையாது."

நிபுணர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு அலுவலரைப் பார்த்தார். இருபத்திரண்டு வருட உழைப்பு வீண்போகவில்லை என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது. எதிர்ச்சாரியில் எட்டுக் குழந்தைகளும் நல்ல உயரம். ஆண்களில் ஒருவர் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. மீட்டர்காரருக்கு அப்போதுதான் என்ன நடக்கிறது என்று புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தச்சர் முன்னால் வந்தார். "ஒரு நிமிஷம். எங்க சாரிக்கு வர்ற லைன் எது வழியா வருது?"

"சாக்கடைக்கு அடியில" என்றார் மீட்டர்காரர். "முனையில மூட்டு விட்டுப்போய் நாலு வருஷம் ஆச்சு. குழாயில தண்ணி வராதப்ப சாக்கடை உள்ள இறங்குது. நாப்பத்தாறு தடவை எழுதிக் குடுத்துட்டேன். இதோ, தேதியெல்லாம் இருக்கு."

நோட்டைப் பிரித்து நீட்டினார். நிபுணர் அதை வாங்கவில்லை.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார்.

பதினோரு கோப்பிலும் பரம்பரைக் கட்டத்தில் டிக் விழுந்தது. நான்கு பேர் கையெழுத்திட்டார்கள். மீட்டர்காரரை எதிர்ச்சாரிக்கும், ஆறடி ஆளை இந்தச் சாரிக்கும் மாற்றும்படி பரிந்துரை போனது. அரசாங்கத்தில் அவ்வளவு வேகமாக நடந்த காரியம் வேறு இல்லை. நான்கே நாளில் உத்தரவு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தச்சர் கடப்பாரையோடு தெருமுனைக்குப் போனார். மச்சான் லாரியில் புதுக் குழாயும் மூட்டும் கொண்டுவந்தார். எங்கே தோண்ட வேண்டும் என்று மீட்டர்காரர் காலால் கோடு போட்டுக் காட்டினார். அது இப்போது அவருடைய லைன் இல்லை. ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். யாரும் மீட்டர்காரரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவர் அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார், இன்னொருவர் குடை பிடித்தார். மூன்றடிக்குக் கீழே குழாய் தெரிந்தது. மூட்டில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதன் வழியாகக் கறுப்பாக ஒழுகி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

சேறு படிந்த காலோடு தச்சர் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் வாளியோடு நின்றார்.

"பாத்தேன்" என்றார் தச்சர்.

"காலைக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றார் மனைவி. அவர் மறுபடி முகம் பார்த்துப் பேச இன்னும் பத்து நாள் ஆனது.

கடுகுக்கு வயிற்றுப்போக்கு அடியோடு நின்றது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சட்டை பிடிக்கத் தொடங்கியது. முதல் அளவுக்குப் பிறகு ஒரு வருடம் கழித்து நிலையத்தில் பலகையை ஒட்டி நிறுத்தினபோது எண்பத்தேழு இருந்தாள். வயதுக்கான கோட்டுக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர் கீழேதான். ஆனாலும் பத்து சென்டிமீட்டர்.

அலுவலருக்கு மகிழ்ச்சியில்லை. கோப்பை இரண்டு முறை புரட்டினார்.

"இது பரம்பரைக் கேஸ். இது வளரக் கூடாதே."

"குழாயை மாத்தினோம்" என்றார் தச்சர்.

"ஆளை மாத்தினது நாங்க. அதுக்குப் பிறகு பிறக்குற குழந்தைங்கதான் வளரணும். இது அதுக்கு முன்னாடி பிறந்தது." அவர் கடுகை உற்றுப் பார்த்தார். கடுகும் அவரை உற்றுப் பார்த்தாள். "ஒண்ணு கோப்பு தப்பா இருக்கணும், இல்ல குழந்தை தப்பா இருக்கணும். கோப்புல நாலு கையெழுத்து இருக்கு."

"அதனால?"

"இது வேற குழந்தை."

கண்டக்டரம்மா பஸ்ஸில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவர். இப்படி ஒருவரை அவரும் பார்த்ததில்லை. அலுவலர் புதிய குழந்தைக்குப் புதிய கோப்பு திறந்தார். பழைய குழந்தை எங்கே என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. அதற்குத் திருப்தியான விளக்கம் கிடைக்காததால், காவல் நிலையத்துக்கு எழுதினார்.

மூன்றாம் நாள் ஒரு கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெறும் வயது. வெயிலில் நடந்து வந்த களைப்போடு காகிதத்தைப் பிரித்து வாசித்தார்.

"எழுபத்தேழு சென்டிமீட்டர் உயரமுள்ள, இவ்வீட்டைச் சேர்ந்த பெண் குழந்தையை உடனே ஆஜர்படுத்த வேண்டும்." நிமிர்ந்து பார்த்தார். "எங்கம்மா அந்தக் குழந்தை?"

கடுகு கதவிடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுதான்" என்றார் கண்டக்டரம்மா. "வளந்துட்டா."

கான்ஸ்டபிள் குழந்தையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். மறுபடி குழந்தையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"எனக்குப் புரியுதும்மா. எனக்கும் பேத்தி இருக்கு. ஆனா இதுல நான் ஏதாவது எழுதிக் குடுத்தாகணுமே. வளந்துட்டான்னு எழுதினா திருப்பி அனுப்பிருவாங்க."

"உள்ளதை எழுதுங்க."

அவர் பாதி இழைத்த கதவு ஒன்றின் மேல் காகிதத்தை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நிதானமாக எழுதினார். எழுதி முடித்துக் கண்டக்டரம்மாவிடம் காட்டினார்.

'தேடிப் பார்த்ததில், மேற்படி உயரத்தில் தற்சமயம் இவ்வீட்டில் யாரும் இல்லை.'

கண்டக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டார்.